பாசி எடுக்கும் பெண்களுக்கு மூன்று பூட்டுப் பெட்டி

1991-இல் நைஜர் நாட்டின் மராடி வட்டாரத்தில் கேர் (CARE) என்ற பன்னாட்டுத் தொண்டு அமைப்பு கிராமத்துப் பெண்களோடு தொடங்கிய சேமிப்பு முறை இது. ஹவுசா மொழியில் 'மாத்தா மாசு துபாரா' என்று பெயர். பிறகு ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கும் பரவியது. வெளியிலிருந்து ஒரு ரூபாய்கூட வராது. உறுப்பினர்களின் காசே சுற்றும். ராமநாதபுரம் கடற்கரையில் சின்னப்பாலம், ஏர்வாடி பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிற பெண்களுக்கும் இது பொருந்தும், காலக்கணக்கை மட்டும் மாற்றினால். ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் வாரம் ஒருமுறை கூடுவார்கள். இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் பாசிக்குப் போவது, மாதத்துக்குச் சுமார் 12 நாள். அந்த நாட்கள் முடிந்த மறுநாள் கூட்டம் வையுங்கள். கையில் காசு இருக்கும். வாரக்கூட்டம் வைத்தால் பாதிப் பேர் வெறுங்கையோடு வருவார்கள், பிறகு வரவே மாட்டார்கள்.

ஆள் 15 முதல் 25 வரை. ஒரே வீட்டு மாமியாரும் மருமகளும் சேரலாம். ஆனால் இருவரிடமும் சாவி போகக்கூடாது. தகரப் பெட்டிக்கு மூன்று கொண்டி, மூன்று பூட்டு. சாவிகள் உறவில்லாத மூன்று பெண்களிடம். பெட்டி நான்காவது ஆளின் வீட்டில். உப்புக்காற்றில் பூட்டு இறுகிவிடும், மாதம் ஒருமுறை எண்ணெய் விடுங்கள். நோட்டுகளையும் பாஸ் புத்தகங்களையும் பிளாஸ்டிக் பையில் போட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும்.

ஒரு பங்கு ரூ.50. கூட்டத்துக்கு ஒருவர் 1 முதல் 5 பங்கு வரை வாங்கலாம். புத்தகத்தில் எண் எழுதாமல், பங்குக்கு ஒரு மீன் முத்திரை குத்துங்கள். பாறையில் கிழிபடாமல் இருக்கத் துணி சுற்றிப் பழகிய விரல்களுக்குப் பேனாவைவிட இது எளிது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் தன் மீன்களை எண்ணிக்கொள்வார். எட்டாம் வகுப்பு மகளைக் கணக்கெழுத உட்கார வைக்கிற பழக்கம் வேண்டாம். அப்புறம் அம்மா எண்ணவே மாட்டார், பிள்ளையின் படிப்பு நேரமும் போகும்.

கூட்டம் முடியும்போது பெட்டியில் உள்ள தொகையை எல்லோரும் உரக்கச் சொல்ல வேண்டும். அடுத்த கூட்டம் அதே தொகையைக் கேட்டுத்தான் தொடங்கும். "போன தடவை எவ்வளவுக்கா?" என்று ஒருவர் கேட்க, இருபது பேரும் ஒரே எண்ணைச் சொன்னால் கணக்கு நோட்டு தொலைந்தாலும் பயமில்லை.

கடன் மூன்றாவது கூட்டத்திலிருந்துதான். சேமிப்பைப் போல மூன்று மடங்குக்கு மேல் கிடையாது, தவணை மூன்று மாதம், வட்டி மாதம் நூற்றுக்கு 2. வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்தை அடைக்கக் கேட்பவருக்கு முதலிடம் கொடுங்கள். அந்தக் கடன் இருக்கும்வரை பாசிக்கு விலை பேச வாய் வராது. தவிர, ஆளுக்கு ரூ.10 தனிப் பையில் போடுங்கள். திருக்கை முள் குத்தியது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வட்டியில்லாமல் அதிலிருந்து.

ஜூனில் தொடங்கி, சேர்ந்த பணத்தை மே கடைசி வாரம் பங்கு பிரியுங்கள், பள்ளி திறக்குமுன் காசு கையில் இருக்கும். சிக்கல் இங்கேதான். விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. வீட்டுக்காரர் படகுக்குப் போகிறவரானால் அந்த நாட்களில் கொடுத்த கடன் திரும்பாது. அதனால் கடைசிக் கடன் ஜனவரியில். எல்லாம் ஏப்ரல் 14-க்குள் அடைய வேண்டும். பிரிக்கும்வரை அந்த ஆறு வாரமும் பெட்டியில் பணம் வேண்டாம். மூவர் கையெழுத்தோடு வங்கிக் கணக்கில் போடுங்கள்.

பிரிப்பது எளிது. ஆண்டில் 1,100 பங்கு சேர்ந்தால் ரூ.55,000. வட்டியும் அபராதமும் ரூ.4,400 என்றால் மொத்தம் ரூ.59,400, பங்குக்கு ரூ.54. 60 பங்கு வைத்தவர் ரூ.3,000 போட்டு ரூ.3,240 வாங்குவார்.

தொண்டு அமைப்புகள் வழக்கமாகச் செய்கிற தவறு, ஆரம்பத்திலேயே ஒரு தொகையைப் பெட்டியில் போடுவது. 'வந்த காசுதானே' என்ற நினைப்பு வந்தால் அதை யாரும் திருப்ப மாட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரி போட்ட காசென்றால் திருப்புவார்கள். பணியாளர் பணத்தைத் தொடவே கூடாது. முதல் மூன்று மாதம் எல்லாக் கூட்டத்துக்கும் போங்கள், பிறகு மாதம் ஒருமுறை போதும். பங்கு பிரிக்கும் நாளில் மட்டும் கட்டாயம் இருங்கள். எல்லோரும் எழுந்து போகுமுன், அடுத்த ஆண்டின் முதல் பங்கை அன்றே பெட்டியில் போட வையுங்கள்.