மாடல் காருக்குத் திரும்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுத் தம்பி ஒரு செருப்புப் பெட்டியோடு வந்து நின்றான். உள்ளே 1/24 அளவில், அதாவது நிஜக் காரில் இருபத்துநாலில் ஒரு பங்காக, பாகங்களை ஒட்டிச் செய்த ஒரு பிளாஸ்டிக் மினி கூப்பர். சிவப்பு உடம்பு, வெள்ளைக் கூரை. 1964இல் மான்டே கார்லோ ராலியை ஜெயித்த 37ஆம் எண் வண்டி போலச் செய்ய நினைத்திருக்கிறான். பானெட் முழுக்க பெயிண்ட் சுருங்கிக் கிடந்தது.

"கிளியர் அடிச்சதும் இப்படி ஆயிடுச்சுண்ணே." கிளியர் என்பது நிறத்துக்கு மேலே பளபளப்புக்காக அடிக்கும் நிறமில்லாத பூச்சு.

என் அலமாரியின் பின்வரிசையிலிருந்து ஒரு வண்டியை எடுத்துக் காட்டினேன். பதினைந்து வருட இடைவெளிக்குப் பிறகு நான் செய்த முதல் கார் அது. அதே சுருக்கம், அதே பானெட்.

பாடியைச் சோப்பு போட்டுக் கழுவுவது, மெல்லிசாக அடிப்பது எல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன்.

எனாமல் மேல் லாக்கர்

பள்ளி நாளில் நம் கையில் இருந்தது குட்டி டப்பா எனாமல் பெயிண்ட். இப்போது மாடலுக்கென்று விற்கும் ஸ்ப்ரேக்களில் பல லாக்கர் என்ற வேறு வகைப் பெயிண்ட். திரும்பி வருகிறவர் பழகிய எனாமலைப் பூசிவிட்டு, பளபளப்புக்கு லாக்கர் கிளியரை வாங்கி மேலே அடிக்கிறார். அங்கேதான் வினை.

லாக்கரில் கரைப்பான் பறந்துபோனால் வேலை முடிந்தது. எனாமல் அப்படியில்லை. தின்னர் போன பிறகும் அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து மெல்ல இறுகும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆறிய பாலில் ஆடை கட்டியது போல மேலே தோல், அடியில் இளக்கம். லாக்கரின் வீரியமான கரைப்பான் உள்ளே இறங்கியதும் தோல் உப்பிச் சுருங்கிவிடும்.

நான் நான்கு நாள் பொறுத்தேன். நகத்தால் அழுத்தினால் தடம் விழவில்லை, காய்ந்துவிட்டது என்று நம்பினேன். முதல் பூச்சு தூவலாக விழுந்தது, ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதை ஈரமாக அடித்துவிட்டுக் காபி குடித்து வருவதற்குள் பானெட் சுருங்கிவிட்டது. உற்பத்தி நின்றுபோன கிட் (ஒட்டிச் செய்யும் பாகங்கள் அடங்கிய பெட்டி) வேறு, இரண்டு மாதம் தேடி வாங்கியது. இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. "ஒரு மாசம் விட்டா ஒண்ணும் ஆகாது" என்று யாராவது சொன்னால் இன்னும் அதிகமாக வருகிறது. சில சமயம் ஆகாதுதான், ஆனால் கிட் உங்களுடையது.

லாக்கர் அடியில், எனாமல் மேலே: இந்த வரிசையில் பயமில்லை. காய்ந்த லாக்கரை எனாமல் தின்னர் ஒன்றும் செய்யாது. ஏற்கனவே எனாமல் பூசிவிட்டீர்களா? மூக்கருகே வைத்துப் பாருங்கள், பெயிண்ட் வாடை இருக்கும்வரை அது காயவில்லை. வாடை போன பிறகு தண்ணீரில் கரையும் அக்ரிலிக் கிளியர் அடியுங்கள். எதுவானாலும் முதலில் ஒரு ஐஸ்கிரீம் ஸ்பூனில் அதே வரிசையில் அடித்துப் பாருங்கள்.

ஈரக்காற்றில் ஸ்ப்ரே

கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிரும், காற்றிலுள்ள ஈரம் அதில் படியும், பெயிண்ட் வெளுத்துப்போகும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் நான் ஸ்ப்ரேயைத் தொடுவதே இல்லை. அந்த மாதங்களில் இன்ஜினை ஒட்டலாம், சீட்டுக்குத் தூரிகையால் பூசலாம்.

ஜன்னலுக்கு சூப்பர் குளூ

வேண்டாம். அதன் ஆவியே கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். மரத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பசை போதும்.

பரணிலிருந்து இறக்கிய கிட்

முதலில் டயரைப் பிரித்துத் தனி உறையில் போடுங்கள். மெத்தென்ற வினைல் டயர் வருடக்கணக்கில் பிளாஸ்டிக்கைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதை அரித்துவிடும். என் கிட் ஒன்றில் முன்கண்ணாடியில் டயரின் பட்டன் அச்சு அப்படியே பதிந்திருந்தது. டீக்கால் (வண்டியில் ஒட்டும் எண், சின்னம் அச்சிட்ட தாள்) மஞ்சளாகியிருந்தால் உறையிலிட்டு வெயில்படும் ஜன்னலில் சில நாள் ஒட்டிவையுங்கள், பெரும்பாலும் வெளுக்கும்.

வெள்ளைக்கு அடியில் சிவப்பு

முதலில் வெள்ளை. எப்போதும்.

தம்பியின் மினி இப்போது என் பால்கனியில், மூடிபோட்ட டப்பாவில் பிரேக் ஆயிலில் ஊறிக்கொண்டிருக்கிறது. கையுறை போட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் பெயிண்ட் கழன்று வரும். நேற்று பார்த்தேன், பானெட் தெளிந்துவிட்டது. கதவு இடுக்கில் மட்டும் இன்னும் சிவப்பு இருக்கிறது.