நினைவு கபடி போட்டி வச்சு கேன்சர் நோயாளிங்களுக்கு காசு சேர்க்கிறது எப்படி

எங்க சித்தப்பா கபடியில பாடிப் போற நல்ல ரைடர், வாய் புற்றுநோய்ல போயிட்டாரு. காரியம் முடிஞ்ச அன்னைக்கு சித்தி ஒரு மஞ்சப்பைய கொண்டாந்து வச்சாங்க, உள்ள ஆஸ்பத்திரி ஃபைலு, அதுக்கடியில ரப்பர் பேண்ட் போட்ட பஸ் டிக்கெட் கட்டு. வைத்தியத்துக்கு காப்பீட்டு அட்டை இருந்துச்சுங்க, ஆனா ரேடியேஷனுக்கு வாரத்துல 5 நாளுன்னு 6, 7 வாரம் போகணுமே, அந்த பஸ் காசு, தங்குற காசு, கூட போறவங்களுக்கு அன்னைக்கு இல்லாம போற கூலி, இதெல்லாம் யாரு தருவா? அந்தக் கட்டப் பாத்துட்டுதான் அவரு பேர்ல போட்டி ஆரம்பிச்சோம்.

முதல்ல தேதி. சம்பா அறுத்ததும் வயல் சும்மாதானே கிடக்கும்னு தை, மாசியில வைக்காதீங்க, நம்ம டெல்டா பக்கம் அறுப்புக்கு முன்னாடியே உளுந்து, பயறு தெளிச்சிருவாங்க. பயறு எடுத்தப்புறம், ஜூன் 12 மேட்டூர் அணை திறந்து தண்ணி வர்றதுக்குள்ள வச்சுக்கங்க, பசங்களுக்கும் லீவா இருக்கும். ஆனா அப்ப களிமண்ணு வெடிச்சு கிடக்கும், ரைடர் கால் வெடிப்புல மாட்டுச்சுன்னா கணுக்கால் போச்சு. அதனால ஒரு வாரம் முன்னாடியே தண்ணி விட்டு, காஞ்சதும் உழுது கட்டி உடைச்சு, ரோலர் ஓட்டி மரத்தூள் போடுங்க. களம் 13க்கு 10 மீட்டர், சுத்தி தாராளமா இடம் விடுங்க.

டீம் 16 போதும். 16 டீம் நாக் அவுட்னா 15 மேட்ச், ஒரு மேட்சுக்கு அரைமணி நேரம். ரெண்டு களம் போட்டு சாயங்காலம் 4 மணிக்கு ஆரம்பிச்சா பைனல் 9 மணிக்குள்ள முடிஞ்சிரும். ராத்திரி 10 மணிக்கு மேல மைக் போடக்கூடாதுங்கிறது சட்டம், அதனால ஸ்டேஷன்ல முன்னாடியே எழுதிக் கொடுத்து பர்மிஷன் வாங்கிருங்க.

இப்ப காசு, இதுலதான் நிறைய பேரு கோட்டை விடுறாங்க. நுழைவு கட்டணம் 500 ரூபான்னா 16 டீமுக்கு 8,000 வரும், முதல் பரிசு 10,000னு ஃப்ளெக்ஸ் அடிச்சா ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடியே 2,000 நஷ்டம், அப்புறம் நோயாளிக்கு எதக் கொடுப்பீங்க. அதனால ரெண்டு கணக்கு நோட்டு போடுங்க. லைட், கோப்பை, அம்பயர், சாப்பாடு எல்லாத்தையும் ஆளுக்கு ஒண்ணா ஏத்துக்கச் சொல்லுங்க, அரிசி கொடுக்கிறவரு அரிசி கொடுக்கட்டும், ஜெனரேட்டர் வச்சிருக்கவரு அதைக் கொடுக்கட்டும். நுழைவு கட்டணமும் உண்டியலும் இன்னொரு நோட்டு, அதுல டீ செலவு கூட எழுதக்கூடாது. புகையிலை விக்கிறவங்ககிட்ட ஸ்பான்சர் வாங்கவே வாங்காதீங்க, 2003 புகையிலைத் தடுப்புச் சட்டப்படியே தப்பு, அதவிட வாய் புற்றுநோய்ல போனவரு படத்துக்குப் பக்கத்துல அந்த விளம்பரமா?

நோயாளிய மேடையேத்தி கவரு கொடுத்து போட்டோ எடுக்காதீங்க, ப்ளீஸ். வயசுப் பொண்ணு இருக்கிற வீடா இருக்கும், யாருக்கும் சொல்லாம வைத்தியம் பாத்துட்டு இருப்பாங்க. ரெண்டு பெரியவங்க வீட்டுக்கே போய் பேசிட்டு வரட்டும், காச அவங்க பேங்க் அக்கவுண்ட்லயே போடுங்க, இல்ல ஆஸ்பத்திரி பில்ல நேரா கட்டுங்க. காசு கொடுக்கிறவங்களுக்கு வருமான வரி குறையிற 80ஜி ரசீது தர்றோம்னு சும்மா சொல்லிடாதீங்க, பதிவு பண்ணி அனுமதி வாங்குன டிரஸ்ட்தான் தர முடியும், அதுலயும் ரொக்கம் 2,000 ரூபாய்க்கு மேல போனா வரிச்சலுகை கிடையாது.

நோயாளி வீட்டுக்குப் போகும்போது இதையும் சொல்லிட்டு வாங்க, வைத்தியத்துக்கு ரயில்ல போனா கேன்சர் நோயாளிக்கு ஸ்லீப்பர்ல டிக்கெட் கட்டணம் கிடையாது, கூட ஒருத்தருக்கு 75 சதவீதம் குறையும், ஆஸ்பத்திரியில அதுக்கான சான்று வாங்கணும். எங்க சித்திக்கு இது தெரியாமலே போச்சு.

தங்கச்சி கேன்சர்ல போன துக்கத்தை மனசுல வச்சுட்டு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ல ஆரம்பிச்சதுதான் சென்னை அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி. நம்மளால அவ்வளவு முடியாது, ஆனா களத்து ஓரமா ஒரு மேசை போட்டு பல் டாக்டர் ஒருத்தர உக்கார வைக்க முடியும். வாய்க்குள்ள வெள்ளைத் திட்டு இருக்கா, 2 வாரம் தாண்டியும் ஆறாத புண்ணு இருக்கான்னு பாக்கட்டும். பசங்க கூச்சப்படுவாங்க, டீம் கேப்டன முதல்ல வாயைத் திறக்கச் சொல்லுங்க, மத்தவங்க தானா வருவாங்க.

மறுநாள் காலையில மொத்த வரவையும் டீக்கடை போர்டுல எழுதிப் போட்டுருங்க, யாருக்குப் போச்சுன்னு பேரு வேண்டாம், தொகை மட்டும். மொத்தத்தையும் ஒரே நாள்ல கொடுக்காம கொஞ்சம் நிறுத்தி வைங்க, ரேடியேஷன் முடிஞ்சாலும் செக்கப்புக்கு பஸ் ஏறிட்டேதான் இருக்கணும்.