டைனோவில் பவர் குறைகிறதா? முதலில் ஃபேனைப் பாருங்கள்

சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ கார் டைனோவில் (சக்கரத்தில் வரும் பவரை அளக்கும் மெஷின்) எதிர்பார்த்ததைவிடக் குறைவாகக் காட்டினால், எஞ்சினைப் பிரிக்கும் முன் பானெட்டை மூடி, அதன் மேலுள்ள ஸ்கூப்புக்குள் (காற்று நுழையும் திறப்பு) நேராக வீசும்படி இன்னொரு ஃபேனை வையுங்கள். பத்து நிமிடம் ஆறவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

இந்தக் காரில் இன்டர்கூலர் (டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விப்பது) எஞ்சினுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. முன்னால் வைக்கும் ஃபேன் ரேடியேட்டரைத்தான் குளிர்விக்கும். இன்டர்கூலர் சூடேறி, உள்ளே போகும் காற்றும் சூடாகி, நாக்கிங்குக்குப் (எரிபொருள் கலவை தாறுமாறாக வெடிப்பது) பயந்து, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ இக்னிஷன் டைமிங்கைப் (பிளக் பொறி விடும் நேரம்) பின்னுக்கு இழுத்துவிடும். பவர் அங்கேதான் போகிறது. ஓபிடி ஸ்கேனரில் (ஈசியூ தரும் அளவுகளைக் காட்டும் கருவி) காற்றின் வெப்பநிலை சாதாரணமாகத் தெரிந்தால் நம்பிவிடாதீர்கள்: ஈஜே25 எஞ்சினில் அந்த சென்சார் டர்போவுக்கு முன்னால், காற்றின் அளவைப் பார்க்கும் மாஃப் சென்சாரோடு இருக்கிறது; இன்டர்கூலரின் சூடு அதற்குத் தெரியாது. டைமிங்கையும் நாக் கரெக்‌ஷனையும் (நாக்கிங்குக்காக ஈசியூ டைமிங்கை மாற்றும் அளவு) பதிவு செய்து பாருங்கள்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பவர் இறங்கிக்கொண்டே வந்தால்தான் இது பொருந்தும். நன்றாக ஆறிய காரில் முதல் ஓட்டமே குறைவென்றால் பூஸ்ட் லீக் (டர்போ அழுத்திய காற்று கசிவது), ஸ்பார்க் பிளக், பெட்ரோலின் ஆக்டேன் பக்கம் போங்கள். கம்பெனி சொல்லும் பவர் எண் எஞ்சினின் கிராங்க்கில் அளந்தது; சக்கரத்தில் அது வராது.