எம்1 மேக்கில் இன்டெல் மென்பொருளை ஓட்டுவது எப்படி?

ஆப்பிள் எம்1 சிப்பைக் கொண்டுவந்தது 2020 நவம்பரில். இத்தனை வருடம் கழித்தும் சில நிறுவனங்கள், முன்பு மேக்குகளில் இருந்த இன்டெல் சிப்புக்கு எழுதிய பழைய பதிப்பையே விற்றுக்கொண்டு, கேட்டால் "விரைவில் வரும்" என்கிறார்கள். காசு கொடுத்தவருக்கு இது அநியாயம். சரி, அதுவரை நம் வேலை நடக்க வேண்டுமே.

முதலில் ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து 'கைண்ட்' என்ற பத்தியைப் பாருங்கள். இன்டெல் என்று இருந்தால் அந்தச் செயலி (ஆப்) ரொசெட்டா 2 மூலம், அதாவது இன்டெல் மென்பொருளைப் புதிய சிப்புக்கு மொழிபெயர்த்து ஓட்டும் ஆப்பிளின் மென்பொருள் மூலம், ஓடுகிறது. பெரும்பாலானவற்றுக்கு அதுவே போதும்.

தலைவலி பிளகின்களில்தான், அதாவது இன்னொரு செயலிக்குள் சேர்ந்து ஓடும் துணை மென்பொருள்களில்தான். பல இசை மென்பொருள்களில், தாய்ச் செயலி புதிய சிப்புக்கானதாகவும் பிளகின் இன்டெலுக்கானதாகவும் இருந்தால் பிளகின் பட்டியலிலேயே வராது, நாம் திரும்பத் திரும்ப நிறுவிப் பார்த்து நேரத்தை வீணாக்குவோம். அப்போது செயலியை மூடிவிட்டு, ஃபைண்டரில் அதைத் தேர்ந்து 'கெட் இன்ஃபோ' போய், 'ஓப்பன் யூசிங் ரொசெட்டா' என்பதை டிக் செய்து மறுபடி திறங்கள். வேகம் கொஞ்சம் குறையலாம், ஆனால் பிளகின் வந்துவிடும்.

கர்னல் எக்ஸ்டென்ஷனாக (இயங்குதளத்தின் மையத்தோடு சேர்ந்து ஓடும் பகுதியாக) வரும் பழைய டிரைவர்களுக்கு இந்த வழி உதவாது, ரொசெட்டா அவற்றை மொழிபெயர்ப்பதில்லை. ஆடியோ கார்டு, பிரிண்டர் வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

அப்புறம், ரொசெட்டா முழுமையாக இருக்கப்போவது மேக்ஓஎஸ் 27 வரைதான் என்று ஆப்பிள் 2025-ல் சொல்லிவிட்டது. அதனால் நிறுவனத்துக்கு இப்போதே எழுதி, புதிய பதிப்பு எந்தத் தேதிக்கு என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் சந்தாவைப் புதுப்பிக்காதீர்கள்.