மைவிக்குப் பனி டயர் எதற்கு?

போன தீபாவளிக்கு முன்பு என் தம்பி அவனுடைய மைவி காருக்கு நான்கு டயரையும் மாற்றினான். ஜப்பான் பழைய டயர், பூ (தரையைத் தொடும் பக்கத்து வரிப்பள்ளம்) ஆழமாக இருக்கிறது, விலையும் புதுசில் பாதிகூட இல்லை என்று சொல்லி மாட்டிவிட்டிருக்கிறார்கள். அந்த வாரமே பினாங்குப் பாலத்தில் நல்ல மழை. அவன் 80ஐத் தாண்டவில்லை. முன்னால் போன லோரி பிரேக் போட்டது, இவனும் போட்டான். கார் வழுக்கிக்கொண்டே போய், லோரிக்கு ஒரு முழம் இருக்கும்போதுதான் நின்றது.

மறுநாள் காலையில் அந்த டயரைத் தடவிப் பார்த்தேன். பூவின் ஒவ்வொரு கட்டையிலும் பிளேடால் கீறியதுபோல நெளிநெளியாக மெல்லிய வெட்டுகள். பக்கவாட்டில் 'ஸ்டட்லெஸ்' என்று எழுதியிருந்தது. உறைபனிச் சாலைக்காகச் செய்த டயர்!

'ரப்பர் மெத்தென்று இருக்கிறது, ரோட்டை நன்றாகப் பிடிக்கும்' என்று நம்புவதுதான் பெரிய தவறு. பனி டயரின் ரப்பர் குளிரில் விறைக்காமல் இருப்பதற்காகவே மென்மையாகச் செய்யப்படுகிறது. சுமார் 7 டிகிரிக்குக் கீழேதான் அதற்கு வேலை. இங்கே மலேசியாவில் நிழலிலேயே 32, 33 டிகிரி, தார் அதைவிடச் சூடு. அந்தச் சூட்டில் ரப்பர் இன்னும் இளகி, கட்டைகள் நெளியும். பிரேக் போட்டால் கார் நிற்க அதிக தூரம் பிடிக்கும், பூவும் சீக்கிரம் தேயும். பூ ஆழமாக இருப்பதை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம், பனி டயருக்குப் பூ பொதுவாகவே ஆழம்தான். மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ படம் இருந்தாலும் அது பனிச் சாலைக்கும் ஏற்றதாகச் செய்த டயர் என்று அர்த்தம்.

தயாரித்த தேதியையும் பாருங்கள். பக்கவாட்டில் 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம். பூ எவ்வளவு இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

அப்புறம், இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதுசை முன்னால் போடுவது நம் வழக்கம். மைவி, ஆக்சியா எல்லாம் முன்சக்கரம் இழுக்கும் கார், அதனால் அதுதான் சரி என்று தோன்றும். ஆனால் தேங்கிய தண்ணீரில் பின்டயர் மிதந்தால் காரின் பின்பக்கம் சுழன்றுவிடும், ஸ்டியரிங்கைத் திருப்பி அதை மீட்பது ரொம்பக் கஷ்டம். நல்ல ஜோடி பின்னால்தான் போக வேண்டும்.

மழைக்காலத்தில் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்பதும் தப்பு. காற்று குறைந்த டயர்தான் தண்ணீரில் சீக்கிரம் மிதக்கும். ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவை, டயர் சூடாவதற்கு முன் நிரப்புங்கள்.

பூவுக்கு நடுவில் இருக்கும் சிறு மேடு 1.6 மில்லிமீட்டர். பூ அந்த மேட்டளவுக்குத் தேயும்வரை காத்திருந்தால், அக்டோபர், நவம்பர் மாத மாலை மழையில் ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஓட்ட அந்த டயர் போதாது. நான் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவேன்.

தம்பியின் டயர்களை அந்த வாரமே கழற்றினோம். இன்னொரு மைவிக்கு அவை போய்விடக் கூடாதே என்று, நான்கின் பக்கவாட்டையும் கத்தியால் கிழித்த பிறகுதான் குப்பைக்குக் கொடுத்தோம்.