ஃபெல்ட் துணியில் விரல் பொம்மை: முதலில் ஒரு யானை

ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்ய ஏற்ற வேலை இது. ஃபெல்ட் என்பது நெய்யாமல் இழைகளை அழுத்திச் செய்யும் துணி. வெட்டினால் நூல் பிரியாது, அதனால் ஓரம் மடித்துத் தைக்கும் தொல்லை இல்லை. முதல் பொம்மைக்கு யானையே நல்லது. காதும் தும்பிக்கையும் அமைந்துவிட்டால் போதும், முகம் கொஞ்சம் கோணினாலும் பார்ப்பவர்கள் யானை என்றுதான் சொல்வார்கள்.

வேண்டியவை

சாம்பல் நிற ஃபெல்ட், 1 மி.மீ. கனம், ஏ4 அளவில் ஒரு தாள் (ஐந்து யானை தாராளமாக வரும்). எம்பிராய்டரி நூல், ஊசி, ஃபேப்ரிக் பசை, பல் குத்தும் குச்சி, துணிக்கென்று வைத்திருக்கும் கத்தரிக்கோல். காகிதம் வெட்டி மழுங்கிய கத்தரி ஃபெல்ட்டை மென்று துப்பும்.

கடையில் விறைப்பான ஃபெல்ட்டும் மெதுவானதும் கிடைக்கும். மெதுவானதைக் கேட்டு வாங்குங்கள். விறைப்பானதில் பிள்ளைகளால் ஊசி ஏற்ற முடியாது.

அளவு

பெரும்பாலும் வேலை கெடுவது இங்கேதான். விரலின் அகலத்தை மட்டும் பார்த்து வெட்டினால் தைத்து முடித்ததும் விரல் நுழையாது. ஒரு காகிதப் பட்டையை ஆள்காட்டி விரலைச் சுற்றிப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். அதில் பாதியோடு 1.5 செ.மீ. கூட்டினால் துணியின் அகலம் வந்துவிடும். இரு பக்கத் தையலும் சேர்ந்து 8 மி.மீ. தின்றுவிடும், மீதிதான் விரல் புழங்கும் இடம். சுற்றளவு 4.5 செ.மீ. உள்ள சின்ன விரலுக்கு ஏறக்குறைய 4 செ.மீ. அகலமும் 6.5 செ.மீ. உயரமும் சரியாக இருக்கும். பெரியவர்களுக்கு 5 செ.மீ. அகலம் வேண்டும்.

செய்முறை

1. அட்டையில் மேல்முனை வளைந்த வடிவம் ஒன்று வரைந்து வெட்டுங்கள். அதை ஃபெல்ட்டில் வைத்துப் பால்பாயிண்ட் பேனாவால் கோடிட்டு, உடலுக்கு இரண்டு துண்டு எடுங்கள். ஸ்கெட்ச் பேனா வேண்டாம், மை ஊறிப் பரவும்.

2. 3 செ.மீ. அகலத்தில் இரண்டு காது, 1.2 செ.மீ. அகலம், 4 செ.மீ. நீளத்தில் ஒரு தும்பிக்கை.

3. முகத்தை முன்துண்டில் இப்போதே முடித்துவிடுங்கள். இரண்டு துண்டையும் இணைத்த பிறகு கண் தைக்கப் போனால் ஊசி பின்துண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். விரல் போகும் வழி அடைபடும். தும்பிக்கையின் மேல்நுனியில் மட்டும் இரண்டு மூன்று தையல் போடுங்கள். கீழே விட்டுவிட்டால்தான் விரலை ஆட்டும்போது அதுவும் ஆடும். கண்ணுக்குக் கறுப்பு நூலில் ஒரு முடிச்சு போதும். மணியோ ஒட்டுக் கண்ணோ வேண்டவே வேண்டாம். வீட்டில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் அது பிய்ந்து வாய்க்குள் போகும்.

4. பின்துண்டின் மேல் காதுகளை வையுங்கள். காதின் அடி ஓரம் உடலின் விளிம்பிலிருந்து 1 செ.மீ. உள்ளே இருக்க வேண்டும். குச்சியால் ஒரு பொட்டுப் பசை தொட்டு நிறுத்துங்கள். பசை அதிகமானால் மறுபக்கம் ஊறிக் கறையாகக் காயும், அந்த இடத்தில் ஊசியும் இறங்காது. முன்துண்டை மேலே பொருத்துங்கள்.

5. ஆறு இழை நூலில் மூன்றை மட்டும் பிரித்து, 45 செ.மீ. நீளம் எடுங்கள். அதற்கு மேல் நீண்டால் பிள்ளைகள் கையில் சிக்கு விழும். ஓரத்திலிருந்து 4 மி.மீ. உள்தள்ளி ஓட்டுத் தையல் (ஊசியை மேலும் கீழுமாக ஏற்றி இறக்கி, இடைவெளி விட்டுப் போகும் நேர்த் தையல்) போடுங்கள். ஒரு மூலையில் தொடங்கி வளைவைச் சுற்றி மறு மூலை வரை போய், அதே துளைகள் வழியாகத் திரும்பி வந்தால் இடைவெளிகள் நிரம்பிவிடும். அடிப்பக்கம் திறந்தே இருக்கட்டும். மூலைகளில்தான் முதலில் பிரியும், அங்கே இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சிடுங்கள்.

ஊசி பிடித்துப் பழகாத பிள்ளையென்றால், இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்துக் கோணி ஊசியால் 5 மி.மீ.க்கு ஒரு துளை நீங்களே போட்டுக்கொடுங்கள். பிறகு மழுங்கிய ஊசியே போதும்.

மற்ற விலங்குகள்

உடல் அதேதான். முயலுக்கு 5 செ.மீ. காது வேண்டும். ஒற்றை ஃபெல்ட் அந்த உயரத்துக்கு நிற்காமல் மடிந்து விழும், இரண்டை ஒட்டிச் செய்யுங்கள். புலிக்கு வரிகளைத் தைத்துக்கொண்டிருக்க வேண்டாம், 3 மி.மீ. கறுப்புப் பட்டைகளை ஒட்டி, ஒரு நாள் காயவிட்ட பிறகு இணையுங்கள். காகம் இன்னும் சுலபம்: மஞ்சள் தவிர்த்து அடர்சாம்பலில் ஒரு முக்கோண அலகு, அவ்வளவுதான்.