ஏரிக்கரைல பனைத் திருவிழா நடத்தறது எப்படி

சுற்றுச்சூழல் விழான்னாலே நம்ம ஊர்ல ஜூன் 5 தான். கத்திரி வெயில் முடிஞ்சு ஒரு வாரம் தான் ஆகியிருக்கும், மண்ணு கொதிக்கும், அதுல ஒரு கன்ன நட்டு பத்து பேர் கைய வச்சு போட்டோ எடுத்துட்டு போயிடுவாங்க, அது ஆடி வரைக்கும்கூட தாங்காது. தமிழ்நாட்டுக்கு வருஷ மழைல கிட்டத்தட்ட பாதி அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் தான் பெய்யுது, அதனால விழாவ அதுக்கு முன்னாடி வைங்க. என் சாய்ஸ் அக்டோபர் 2, வேலை பனை விதை போடறது. ஆவணி புரட்டாசில பனம்பழம் தானா விழுந்து கிடக்கும், காசு குடுத்து கன்னு வாங்க வேணாம், தண்ணி ஊத்த வேணாம், எல்லாருக்கும் லீவு. அன்னைக்கு டாஸ்மாக்கும் மூடியிருக்கும், அது ஒரு வசதி.

முதல்ல ஏரி யார் கைல இருக்குன்னு பாருங்க. ஆயக்கட்டு, அதாவது அந்த ஏரித் தண்ணி பாயற நிலம், 100 ஏக்கருக்கு மேலன்னா நீர்வளத்துறை, கம்மின்னா ஊராட்சி ஒன்றியம். ஆகஸ்ட் 15 கிராம சபைல தீர்மானம் போட்டு அந்த காப்பியோட லெட்டர் குடுங்க, கையெழுத்துக்கு நாலு நடை நடக்க வேண்டி வரும், அதுக்குத்தான் இவ்ளோ முன்னாடி ஆரம்பிக்கறது.

விதை சேக்கற வேலைய பசங்ககிட்ட விட்டுடுங்க, சாக்கு மட்டும் குடுங்க. ஒரு பழத்துல ஒண்ணுல இருந்து மூணு கொட்டை வரைக்கும் இருக்கும். தண்ணில போட்டு மிதக்கறத தள்ளிடுங்க.

அன்னைக்கு காலைல ஆறரைக்கெல்லாம் ஆரம்பிச்சுடணும். மேடை, மைக், பொன்னாடை எதுவும் வேணாம், ஃப்ளெக்ஸ் கண்டிப்பா வேணாம், பழைய வேட்டில எழுதிக் கட்டினா போதும். மொதல்ல ஒரு மணி நேரம் கரைல நடங்க. ஊர்ல நீர் பாய்ச்சின பெரியவர் ஒருத்தர முன்னாடி விட்டு தண்ணி திறந்து விடற மதகு எது, ஏரி நிறைஞ்சா வழியற கலங்கல் எது, ஏரிக்கு தண்ணி கொண்டு வர வரத்து வாய்க்கால் எங்க அடைபட்டிருக்குன்னு அவர் வாயால சொல்ல வைங்க, பைனாகுலர் ஒண்ணு கெடைச்சா முக்குளிப்பான், நீர்க்காகம், தாழைக்கோழி எல்லாம் பசங்களுக்கு காட்டிடலாம். பருவநிலை பத்தி லெக்சர் அடிக்காதீங்க, ஒருத்தனும் கேக்க மாட்டான். 2018 கஜா புயல்ல டெல்டால தென்னை லட்சக்கணக்குல சாஞ்சுச்சு, பனை பெரும்பாலும் நின்னுச்சுன்னு சொல்லுங்க, அது போதும்.

அப்புறம் நடவு. ஒரு அடி ஆழம், பத்தடிக்கு ஒண்ணு. கரை மேல வண்டி போற பாதை, மதகு, கலங்கல் பக்கம் போடாதீங்க, பின்னாடி தூர்வார ஜேசிபி வந்தா மொத்தமும் போயிடும். விதைல இருந்து முளை முதல்ல கீழ தான் இறங்கும், பல மாசத்துக்கு மேல ஒண்ணும் தெரியாது, "முளைக்கலயே"ன்னு தோண்டிப் பாக்கக்கூடாதுன்னு முன்னாடியே சொல்லிடுங்க. காய்க்க 12, 15 வருஷம் ஆகும், ஆண் பனையா பெண் பனையாங்கறது பாளை, அதாவது பூங்கொத்து, விட்டாத்தான் தெரியும். இதெல்லாம் மறைக்காம சொல்லிடறது நல்லது, அடுத்த வருஷம் நுங்கு கேட்டு வர ஆளும் உண்டு.

சிறப்பு விருந்தினரா எம்எல்ஏவ கூப்பிடறதுக்கு பதிலா ஆடு மாடு மேய்க்கறவங்கள கூப்பிடுங்க. தினமும் அந்தக் கரைல நடக்கறது அவங்க தான், குருத்த மேய விடாம பாத்துக்கப் போறதும் அவங்க தான். விஐபி வந்தா கூட்டம் அவர் பின்னாடியே போயிடும், குழி பாதி வெறுமனே கிடக்கும்.

சாப்பாடு கம்பங்கூழ், மோர் மிளகாய், சின்ன வெங்காயம். டம்ளர் அவங்கவங்க வீட்ல இருந்து, தண்ணி பானைல. ஒருமுறை தூக்கிப் போடற பிளாஸ்டிக்குக்கு 2019ல இருந்தே இங்க தடை, ஆனாலும் யாராவது ஒருத்தர் தண்ணி பாக்கெட் மூட்டைய இறக்கத்தான் செய்வாரு, அவர தனியா கூப்பிட்டு திருப்பி அனுப்பிடுங்க. பத்தரைக்குள்ள முடிச்சிட்டு எல்லாரும் அப்படியே கிராம சபைக்கு போங்க, அன்னைக்கும் கூட்டம் உண்டு, அடைபட்ட வரத்து வாய்க்கால பத்தி கேக்க இதவிட நல்ல நாள் கிடையாது.

இன்னொண்ணு, பொங்கல் நெருங்கினா, முளைச்ச விதைக்கு கீழ இறங்கற பனங்கிழங்குக்காக கரைய நோண்ட ஆள் வரும். மிஞ்சின கொட்டைகள ஸ்கூல் பின்னாடி மணல் மேடு கட்டி நெருக்கமா அடுக்கி மூடி வைங்க, தைக்குள்ள கிழங்கு ரெடி ஆயிடும், கேக்கறவங்களுக்கு அதுல இருந்து எடுத்துக் குடுத்துடலாம்.